நோட்டில் ஏறாத எடை

அந்தச் செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் திரையில் ஓடியது நான் போட்ட ஷீட். கட்டங்களுக்கு நான் கொடுத்திருந்த இளம்பச்சை நிறம்கூட மாறவில்லை. "இதில் நான் கவனித்தது என்னவென்றால்" என்று எங்கள் டீம் லீடர் ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். அமெரிக்காவிலிருந்து பேசிய வாடிக்கையாளர் தரப்பு அம்மா, நல்ல கண்டுபிடிப்பு என்று பாராட்டினார். இவர் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார். என் மைக் அணைந்திருந்தது. அதை அழுத்த விரல் போனது, அழுத்தவில்லை.

கூட்டம் முடியும்போது இரவு எட்டரை. ஷிஃப்ட் முடிய இன்னும் ஏழு மணி நேரம் இருந்தது. அந்த ஏழு மணி நேரத்தில் என்ன வேலை பார்த்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அவர் சிரிப்பதும், காப்பிக் குவளையை மேசையில் வைப்பதும், யாரிடமோ 'சர்க்கிள் பேக்' செய்வதாகச் சொல்வதும் காதில் விழுந்துகொண்டே இருந்தன. விடியற்காலை மூன்றரைக்கு கேபில் ஏறி, ஐந்து ரோடு சந்திப்பைத் தாண்டியதும் அழுகை வந்துவிட்டது. டிரைவர் அண்ணன் கண்ணாடியில் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் பாட்டுச் சத்தத்தை மட்டும் குறைத்தார்.

ஆபீஸ் ஆட்களைப் பற்றி யாரிடமாவது சொன்னால், 'கண்டுக்காதே, விட்டுத் தள்ளு' என்பார்கள். நானும் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்குப் பல வருடம் அதையே சொல்லி வந்தேன். எதை விடலாம், எதை விடவே கூடாது என்று பிரித்துப் பார்க்க எனக்கு ரொம்ப நாள் ஆனது. பிரித்துக் காட்டியது என் அப்பாவின் கொலுசுப் பட்டறை. கேட்பதற்குச் சம்பந்தமில்லாததுபோல் இருக்கும், ஆனால் அதுதான் உண்மை.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். சேலத்தில் மெடிக்கல் பில்லிங். அமெரிக்காவில் ஒருவர் டாக்டரைப் பார்த்தால், அந்தச் செலவை இன்சூரன்ஸ் கம்பெனியிடம் கேட்டு வாங்கும் கணக்கு வேலையின் ஒரு பகுதி நம் ஊரில் நடக்கிறது. அவர்களுக்குக் காலை ஒன்பது என்றால் நமக்குச் சாயங்காலம் ஆறரை. நவம்பர் முதல் ஞாயிறு அவர்கள் கடிகாரத்தைத் திருப்பி வைத்ததும் அது ஏழரை ஆகிவிடும். மார்ச் இரண்டாவது ஞாயிறு மறுபடி ஆறரை. அங்கே முள் நகர்ந்தால் செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் வீட்டில் இட்லி ஊற்றும் நேரமும் நகரும்.

இன்சூரன்ஸ்காரர்கள் பணம் தர மறுத்தால் அதை டினையல் என்போம். அந்த ஷீட்டில் இருந்தது ஒரு குறிப்பிட்ட டினையல். டாக்டர் ஒரே நாளில் நோயாளியைப் பரிசோதித்து, சின்னதாக ஒரு சிகிச்சையும் செய்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பரிசோதனை தனி வேலை என்று காட்ட பில்லில் 25 என்ற மாடிஃபையரை, அதாவது ஒரு கூடுதல் குறியீட்டை, சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால், 'இது அந்தச் சிகிச்சைக் கட்டணத்துக்குள்ளேயே அடங்கிவிட்டது' என்று பெரும்பாலும் சி.ஓ. 97 என்ற குறியீட்டோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு 25 போட்டுவிடவும் முடியாது. டாக்டர் எழுதிய குறிப்பில் அதற்கான ஆதாரம் இருக்க வேண்டும். ஒரே கிளினிக்கில், வாரத்தில் ஒரே கிழமையில் மட்டும் இந்த மறுப்பு குவிவதை இரண்டு வாரம் ஒவ்வொரு குறிப்பாகத் திறந்து படித்துத்தான் கண்டுபிடித்தேன். பெரிய விஷயம் இல்லைதான். ஆனால் அது என் கண் பார்த்த வேலை.

அப்பா முப்பது வருடத்துக்கு மேல் வெள்ளிப் பட்டறையில் இருந்தவர். கொலுசு ஒரு கையால் முடிகிற பொருள் இல்லை. உருக்குவது ஒருவர், கம்பி இழுப்பது ஒருவர், துண்டுகளை இணைத்துப் பற்ற வைப்பது ஒருவர், மெருகு போடுவது ஒருவர். அப்பா பற்ற வைப்பவர். அன்று மதியம் தூங்கி எழுந்து நடந்ததைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கூலி கொறஞ்சுதா?" என்றார்.

"இல்லப்பா."

"அப்புறம் என்ன கொறஞ்சுது?"

"பேரு."

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அவர் பற்ற வைத்த கொலுசு எதிலும் அவர் பெயர் இருந்ததில்லை. எந்த ஊரில் எந்தப் பெண்ணின் காலில் அது கிடக்கிறது என்றும் அவருக்குத் தெரியாது. அதனால், இதற்கெல்லாமா அழுவது என்று சொல்லிவிடுவாரோ என்று நினைத்தேன். அவர் சொன்னது வேறு. "கொலுசுல பேரு வராதும்மா. ஆனா நோட்டுல வரும். காலைல எம்பேருக்கு நேரா எடை எழுதித்தான் வெள்ளி குடுப்பாங்க. சாயந்திரம் எம்பேருக்கு நேராத்தான் எடை போட்டு வாங்குவாங்க. சேதாரத்துக்குக்கூட கணக்கு உண்டு. உங்காபீசுல நோட்டு இல்லியா?"

எங்கள் ஆபீசில் எத்தனையோ மென்பொருள் இருக்கிறது. ஒருவர் எத்தனை கணக்கைத் தொட்டார், எத்தனை நிமிடம் எழுந்து போனார் என்பதெல்லாம் பதிவாகிறது. ஆனால் ஒரு சிக்கலை யார் கண்டுபிடித்தார், யாருக்கு யார் சொல்லிக்கொடுத்தார் என்பது எந்த நோட்டிலும் ஏறுவதில்லை. வேலையை எடை போடத் தராசு இல்லாத இடத்தில் பேச்சை எடை போடுகிறார்கள். கூட்டத்தில் யார் குரல் கேட்கிறதோ அவர் வேலை செய்தவர் ஆகிவிடுகிறார். ஆபீஸ் பகட்டில் பாதி இங்கிருந்துதான் முளைக்கிறது என்று நான் நம்புகிறேன்.

இதில் டீம் லீடர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கலாம். மைக்கேல் ராஸ், ஃபியோர் சிக்கோலி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1979-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கணவன் மனைவி இருவரிடமும் தனித்தனியாக, வீட்டு வேலைகளில் உங்கள் பங்கு எவ்வளவு என்று கேட்டார்கள். இருவர் சொன்னதையும் கூட்டினால் பெரும்பாலும் முழு வேலையை விட அதிகமாக வந்தது. பொய் சொன்னார்கள் என்று அர்த்தமில்லை. நாம் செய்தது நமக்கு உடனே நினைவுக்கு வருகிறது, அடுத்தவர் செய்தது வருவதில்லை. இதைப் படித்த பிறகு, என் டீம் லீடர் திட்டமிட்டுத் திருடினார் என்ற எண்ணம் எனக்குக் கொஞ்சம் தளர்ந்தது. அந்த ஷீட்டைக் கூட்டத்தில் விளக்கிச் சொன்ன கஷ்டம் அவருக்கு நினைவிருந்திருக்கும். ஆனால் நினைவு அப்படித்தான் வேலை செய்யும் என்றால், நோட்டு இன்னும் அவசியம் ஆகிறது.

விட்டுத் தள்ள வேண்டியவை என்று நான் எழுதி வைத்திருக்கும் பட்டியல் நீளமானது. கீபோர்டை உடைப்பதுபோல் தட்டுபவர். ஸ்பீக்கரில் பேசுபவர். ஏ.சி.யை 18-ல் வைத்துவிட்டு ஸ்வெட்டர் போட்டுக்கொள்பவர். இதெல்லாம் பெரும்பாலும் ஒரே கூடத்தில் சுவரில்லாமல் உட்கார்ந்திருப்பதால் வருகிற தொல்லை, ஆட்களைக் குறை சொல்லிப் பயனில்லை. சுவரை எடுத்தால் எல்லோரும் கலந்து பேசுவார்கள் என்றுதான் இப்படிக் கட்டுகிறார்கள். 2018-ல் வெளியான ஓர் ஆய்வு இரண்டு பெரிய அமெரிக்க நிறுவனங்களில் இதை அளந்து பார்த்தது. சுவரை எடுத்த பிறகு நேருக்கு நேர் பேசுவது சுமார் 70 சதவீதம் குறைந்து, மின்னஞ்சல்தான் கூடியிருந்தது. நான் ஒரு ஹெட்போன் வாங்கிக்கொண்டேன். அத்தோடு அந்தக் கோபம் தீர்ந்தது.

ஆங்கிலப் பகட்டையும் இந்தப் பட்டியலில்தான் வைத்திருக்கிறேன். அங்கே வைக்க நாளானது. எங்கள் டீம் லீடர் பெங்களூரில் ஆறு வருடம் இருந்துவிட்டுத் திரும்பியவர். 'நேரமில்லை' என்பதற்கு 'பேண்ட்வித் இல்லை' என்பார். 'அப்புறம் பேசலாம்' என்பதற்கு 'ஆஃப்லைன் எடுத்துக்கலாம்' என்பார். சாயங்கால இடைவேளையில் தட்டுவடை செட் வாங்கப் போனால், கடைக்கார அக்காவிடமும் அதே குரல், அதே உச்சரிப்பு. அந்த அக்கா பீட்ரூட் துருவலை வைத்துக்கொண்டே, "காரம் வேணுங்களா வேண்டாங்களா?" என்று மட்டும் கேட்பார்.

எனக்கு அது பல மாதம் பற்றி எரிந்தது. பிறகு என் முதல் நான்கு வருடங்களை நினைத்துப் பார்த்தேன். அப்போது நான் இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கு போன் போடும் காலர். அந்தப் பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சொல்ல எளிதாக எனக்கு ஒரு வேற்றுப் பெயர் கொடுத்திருந்தார்கள். தினமும் எட்டு மணி நேரம் அந்தப் பெயரில், அந்த உச்சரிப்பில் பேசினேன். சரியாகப் பேசினால் புள்ளி, ஊர்க் குரல் எட்டிப் பார்த்தால் மதிப்பெண் குறையும். ஆக, வேறு ஆளாகக் காட்டிக்கொள்ள எங்களுக்குச் சம்பளம் கொடுத்துப் பழக்கியதே இந்த வேலைதான். ஹெட்செட்டைக் கழற்றும்போது குரலையும் கழற்றி வைக்க எனக்கு முடிந்தது, அவருக்கு முடியவில்லை. இப்போது அவர் பேசும்போது பல்லைக் கடிப்பதில்லை. அவர் தமிழில் கேட்டாலும் ஆங்கிலத்தில் கேட்டாலும் நான் தமிழில் பதில் சொல்கிறேன், மெதுவாக, முழு வாக்கியமாக. சில நாள் அவரும் தமிழுக்கு வந்துவிடுகிறார்.

இதில் இன்னொன்றும் உண்டு. பெரிய வார்த்தை போட்டால் பெரிய ஆள் என்று நினைப்பார்கள் என்ற நம்பிக்கையே தவறு. டேனியல் ஓப்பன்ஹைமர் என்ற ஆய்வாளர் 2006-ல் இதைச் சோதித்து எழுதியிருக்கிறார். ஒரே விஷயத்தை எளிய சொற்களிலும், தேவையில்லாமல் நீளமான சொற்களிலும் எழுதிக் காட்டினால், நீளமான சொல்லில் எழுதியவரைத்தான் வாசகர்கள் குறைவான அறிவுள்ளவர் என்று மதிப்பிட்டார்கள். எங்கள் வேலையிலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. 2015 அக்டோபர் 1-ம் தேதி அமெரிக்காவில் நோய்க் குறியீட்டு முறை முழுதாக மாறியது. அதுவரை பதினான்காயிரம் சொச்சம் இருந்த குறியீடுகள் ஒரே நாளில் எழுபதாயிரத்தை ஒட்டிப் போயின. இருபது வருட அனுபவசாலியும் நேற்று வந்த பிள்ளையும் அன்று ஒன்றுதான். யாருக்கும் பெரிய வார்த்தை தேவைப்படவில்லை. 'இது எதுல வரும், நீ பார்த்தியா?' என்று மேசைக்கு மேசை எழுந்து போய்க் கேட்டோம். நான் இந்த வேலையில் ரொம்பச் சந்தோஷமாக இருந்தது அந்த மூன்று மாதம்தான்.

ஏற்காட்டுக்குப் போனதைச் சொல்ல வேண்டும். டீம் பில்டிங் என்று ஒரு சனிக்கிழமை எங்களை வேனில் ஏற்றினார்கள். அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள். மேலே ஏற ஏற, சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி படர்ந்திருக்க, கீழே நிழலில் காப்பிச் செடிகள் வந்தன. மார்ச் கடைசி. எட்டு பத்து நாள் முன்பு மழை பெய்திருந்ததால் செடிகள் எல்லாம் பூத்து, கிளைகளில் வெள்ளை வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருந்தன. வேனுக்குள் மல்லிகை மாதிரி ஒரு வாசனை.

மத்தியானம் தங்கும் விடுதியின் புல்வெளியில் டீம் லீடர் காப்பியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். வாஷ்ட், நேச்சுரல், சிட்ரஸ் நோட்ஸ் என்று முக்கால் மணி நேரம். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காப்பியைக் கொண்டுவந்தார் என்பது வரை சொன்னார். தப்பாக எதுவும் சொல்லவில்லை, காப்பி மேல் அவருக்கு உண்மையாகவே ஆசை இருக்கிறது. ஆனால் அவருக்கு எதிரில் மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெண் அந்த மலையிலேயே பிறந்தவள். அவள் அம்மா இன்றைக்கும் எஸ்டேட்டில் பழம் பறிக்கிறார். அவள் கையைக் கட்டிக்கொண்டு முக்கால் மணி நேரமும் கேட்டாள். இடையில் ஒருமுறை அவர் அவளைப் பார்த்து, "யூ ஷுட் ட்ரை இட் ப்ளாக்" என்றார். அவள் தலையாட்டினாள்.

சாயங்காலம் ஏரிக்கரையில் நடக்கும்போது அவளிடம் கேட்டேன். "அவர்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"அவர் கேக்கலியே அக்கா."

பிறகு எனக்குச் சொன்னாள். கார்த்திகை மார்கழிக் குளிரில், பனி காயும் முன்னே, இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு போவார்களாம். ஒரே கொத்தில் பச்சையும் சிவப்பும் கலந்திருக்கும், சிவந்ததை மட்டும் விரலால் திருகி எடுக்க வேண்டும். ஈரக் கிளையைப் பிடித்துப் பிடித்து விரல் நுனி வெடித்துவிடும். பறித்ததைத் தோல் நீக்கி, வழுவழுப்புப் போக ஊறப்போட்டு, கழுவி, களத்தில் காய வைப்பார்கள். வாஷ்ட் என்று அவர் சொன்னது இதைத்தான். "சாயந்திரம் எடை போடுவாங்கக்கா. எங்கம்மா பேருக்கு நேரா இத்தனை கிலோன்னு எழுதுவாங்க. பச்சை கலந்திருந்தா அப்பவே சொல்லிடுவாங்க."

நோட்டு அங்கேயும் இருக்கிறது.

திரும்பி இறங்கும்போது வளைவுகளை எண்ணிக்கொண்டே முடிவு செய்தேன். என் பெயர் வராமல் போனதை நான் விடப்போவதில்லை. சண்டை போடவும் போவதில்லை.

திங்கட்கிழமை ஷிஃப்ட் தொடங்கும் முன், யாரும் இல்லாதபோது அவரிடம் போனேன். ஒரே ஒரு சம்பவத்தை மட்டும் சொல்ல வேண்டும், 'நீங்க எப்பவும்' என்ற சொல் வாயில் வரக்கூடாது என்று வீட்டிலேயே ஒத்திகை பார்த்திருந்தேன்.

"சார், அந்த 25 மாடிஃபையர் ஷீட் நான் ரெண்டு வாரம் உக்காந்து போட்டது. கூட்டத்துல அதைக் காட்டுனப்ப என் பேர் வரலை. எனக்கு வருத்தமா இருந்துச்சு."

"அட, டீம் வேலைதானே மேடம்."

"டீம் வேலைதான் சார். டீம்ல யார் செஞ்சதுன்னு ஒரு வார்த்தை சொல்லலாம்ல?"

அவர் முகம் மாறியது. கோபமா கூச்சமா என்று தெரியவில்லை. "சரி, பாக்கலாம்" என்றார். அடுத்த கூட்டத்தில் 'எங்கள் குழு' என்றார். அதற்கு அடுத்த மாதம்தான் என் பெயர் வந்தது. அதற்குள் நான் நோட்டு போட ஆரம்பித்திருந்தேன். எந்த ஷீட்டானாலும் முதல் வரியில் செய்தவர் பெயர், தேதி. கூட்டத்துக்கு முந்தின நாளே அதை எல்லோருக்கும் மின்னஞ்சலில் அனுப்பிவிடுவேன். அவரைப் பிடிக்க வலை விரித்தேன் என்று ஒரு தோழி சொன்னாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முதலாளி நல்லவராக இருந்தாலும் பட்டறையில் எடை போட்டுத்தான் கொடுப்பார்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இவ்வளவு நேரம் நான் எழுதியது எரிச்சலைப் பற்றி. அசிங்கமான பேச்சு, தொடுகை, ராத்திரியில் வரும் தேவையில்லாத மெசேஜ் இதெல்லாம் எரிச்சல் கணக்கில் வராது. இதைத் தனியாகப் போய்ப் பேசிப் பார்க்க வேண்டிய கட்டாயமும் யாருக்கும் இல்லை. 2013-ல் வந்த சட்டப்படி, பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் எந்த இடத்திலும் உள்ளகக் குழு ஒன்று இருந்தாக வேண்டும். அதன் தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும், உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்கள், வெளியாள் ஒருவர். நடந்ததிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தரலாம். நைட் ஷிஃப்ட் பிள்ளைகள் பலருக்கு இது தெரியவில்லை, கேபில் பக்கத்தில் உட்காரும் ஒவ்வொருவரிடமும் நான் சொல்கிறேன்.

எழுதச் சங்கடமான ஒன்று மிச்சம் இருக்கிறது. வாழப்பாடிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் எங்கள் டீமில் சேர்ந்தாள். முதல் இரண்டு வாரம் நிறையக் கேள்வி கேட்டாள். பிறகு நிறுத்திவிட்டாள். வேலை பழகிவிட்டது என்று நினைத்தேன். அவள் கணக்குகளில் தவறு கூடியபோதுதான் கூப்பிட்டு உட்கார வைத்தேன். ரொம்பத் தயங்கிச் சொன்னாள். "அன்னைக்கு பண்ட்லிங் பத்திக் கேட்டேன்ல அக்கா. நீங்க வேகமா இங்கிலீஷ்ல சொல்லிட்டு, இது பேசிக்னு சொன்னீங்க. அப்புறம் கேக்க ஒரு மாதிரி இருந்துச்சு."

சொன்னது எனக்கு நினைவிலேயே இல்லை. ஆனால் சொல்லியிருப்பேன். அன்றைக்கு அவளுக்கு எதிரில் உட்கார்ந்திருந்தது, புல்வெளியில் முக்கால் மணி நேரம் பேசிய அதே ஆள்தான். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். பிறகு பண்ட்லிங்கை, அதாவது ஒரு கட்டணத்துக்குள் இன்னொன்றை அடக்கிவிடுவதை, கொலுசை வைத்துச் சொன்னேன்: கொலுசு வாங்கும்போது அதன் திருகாணிக்குத் தனியாகக் காசு கேட்டால் தருவாயா, விலைக்குள்ளேயே அடக்கம் என்பாய் அல்லவா, இன்சூரன்ஸ்காரன் அதைத்தான் சொல்கிறான். ஆனால் அதே கடையில் அன்றைக்கே ஒரு மோதிரமும் வாங்கினால் அது தனி பில். மோதிரம் தனி என்று காட்டுகிற சீட்டுத்தான் இந்த 25.

போன வாரம் அவள் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தாள். ஒரு கிளினிக் தன் முகவரியை மாற்றியிருந்ததை ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியிடம் பதிய மறந்துவிட்டிருக்கிறது, அதனால் ஒரு மாதக் கணக்கு அப்படியே திரும்பி வந்துகொண்டிருந்தது. நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. ஷீட் போட்டு, முதல் வரியில் அவள் பெயரை எழுதி, மின்னஞ்சலில் எல்லோருக்கும் அனுப்பப் போனேன். பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தவள் திரையைத் தொட்டுக் காட்டினாள்.

"அக்கா, என் பேர்ல ஒரு எச் விட்டுட்டீங்க."

சேர்த்துவிட்டு அனுப்பினேன்.